சரக்குப்பெட்டியின் சாட்சியம்

விளையாட்டுப் புகையிரதம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது, சாவி முறுக்கிவிட்டால் வட்டமாக ஓடும் தகர எஞ்சினும் அதன் பின்னே ஆடியசைந்து செல்லும் மூன்று பெட்டிகளுந்தான். வட அமெரிக்காவிலே அறுபது எழுபது வயதிலும் பலர் விடாது பேணிவரும் மாதிரியுருப் புகையிரதக் கலைக்கும் அதற்கும் வெகுதூரம். அக்கலையில் ஈடுபட்டோருக்குள்ளும் ஒரு சிறு பிரிவினர் இருக்கின்றனர். எஞ்சினை அவர்கள் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. அழுக்கேறிய சரக்குப்பெட்டிக்கே தங்கள் மாலைப்பொழுதுகளையெல்லாம் கொடுத்துவிடுகின்றனர்.

அத்தகைய ஒருவரை 2016 ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவில் சந்தித்தேன். ஸ்காபரோவில் குடியிருக்கும் என் பெறாமகளின் அயலவர் அவர். பொறியியல் வரைபடங்கள் வரைந்து ஓய்வுபெற்றவர். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் தம் வீட்டின் நிலக்கீழ் அறைக்கு அழைத்துச் சென்றார். என் உள்ளங்கையில் ஒரு பெட்டியை வைத்து, பூதக்கண்ணாடியையும் நீட்டினார்.

அது ஃபௌலர் வகைப் பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவில் பல்லாயிரக்கணக்கில் கட்டப்பட்டது. உட்புறம் மரப்பலகை, வெளிப்புறம் விலா எலும்புகள் போல உருக்குச் சட்டங்கள். மெய்யான பெட்டியின் நீளம் 36 அடி. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்பது இவர்களின் கணக்கு, அதாவது 87 இல் ஒரு பங்கு. அதன்படி என் கையிலிருந்த பெட்டி 12.6 சென்ரிமீற்றர். ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்த பக்கங்களை ஒட்டி, கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியை வளைத்துக் கைபிடிகள் பொருத்தியிருந்தார். கவிழ்த்துப் பார்த்தால், எவர் கண்ணிலும் படாத அடிப்பாகத்தில் பிரேக்கின் காற்றுத் தாங்கியும் தண்டுகளும் குழாய்களும் இருந்தன.

ஒரு பெட்டிக்கு நான்கு மாதம் சென்றதாம். எனினும் அந்தக் கைவேலையைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவர் சொன்ன இன்னொரு செய்தி. அவருடைய உலகில் எப்போதும் 1955 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். அந்த மாதத்தில் இருந்திருக்க முடியாத எதுவும் அங்கே இருத்தலாகாது. ஒரு கம்பனியின் பாதையிலிருந்து இன்னொரு கம்பனியின் பாதைக்குச் செல்லும் பெட்டிகளில் பழைய கே வகை பிரேக் 1953 க்குப் பின் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே ஏபி வகையே பொருத்த வேண்டும். கனேடியன் நஷனல் கம்பனியின் பெயரெழுத்துகள் ஒரே கோட்டில் வளைந்தோடும் இன்றைய சின்னம் 1960 இல் வந்தது. அதற்கும் அங்கே இடமில்லை. உதவி ஆசிரியர் மேசையில் இருந்து திகதி பார்த்துத் திகதி பார்த்தே கண் பூத்துப்போன எனக்கு, இது எங்கள் தொழிலைச் சேர்ந்த மனிதர் என்று தோன்றியது. ஒரே பெட்டியின் இரு படங்கள் முரண்பட்டால் திகதி குறித்த படத்தையே நம்புவாராம். எங்கள் செய்தியாளர் சிலருக்கு அவரிடம் பாடம் எடுத்திருக்கலாம்.

அழுக்கிலும் அதே கண்டிப்பு. பலகை வெளுப்பது ஒருவிதம், உருக்குத் துருப்பிடிப்பது வேறுவிதம் என்பதால் இரண்டுக்கும் தனித்தனியே வர்ணம் பூசுகிறார். சக்கரங்கள் வீசியடித்த சேறு பெட்டியின் இரு முனைகளிலும் செங்குத்தான பட்டைகளாகப் படிந்திருக்கிறது. மங்கிய பக்கத்தின் ஓரிடத்தில் மட்டும் புதுவர்ணத் துண்டு ஒன்று பளிச்சிடுகிறது. பெட்டியை மீண்டும் நிறுத்துப் பார்த்து அதன் வெறுநிறையைத் திகதியுடன் எழுதிய இடமாம் அது. அதனருகே யார்டுத் தொழிலாளி சோக்கட்டியால் கிறுக்கிய குறி. கதவைத் திறந்து காட்டினார். வாசலின் கீழ்ப்பகுதி குறுக்குப் பலகைகளால் அடைக்கப்பட்டிருந்தது. அறுவடைக் காலத்தில் இத்தகைய பெட்டிகளில் தானியத்தைக் கொட்டியே துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். பலகை இல்லாவிடில் கோதுமை வழிந்து பாதையெல்லாம் சிந்தும். உட்சுவரிலே கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் ஒவ்வொன்றும் எந்த உயரம்வரை நிரப்பப்படலாம் என்று காட்டும் கோடுகள். கனமான தானியத்துக்குக் கோடு தாழ்வாகவும் இலேசானதற்கு உயர்வாகவும் இருந்தன. 1972 இலிருந்து கனடிய அரசு உருளை வடிவ உருக்குப் பெட்டிகளை வாங்கத் தொடங்கிய பின்னர், இந்தப் பலகைகளும் கோடுகளும் படிப்படியாக மறைந்தன.

எல்லாம் அச்சொட்டாகச் சரி என்று அவர் சொல்லவுமில்லை. மெய்யான சக்கரத்தின் அகலம் ஏறத்தாழ 14.5 சென்ரிமீற்றர். அவர் பொருத்தியிருக்கும் மெல்லிய சக்கரத்தை 87 மடங்காக்கினால் 19 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். சரியான அகலத்தில் செய்தால் அந்தப் பாதையில் வண்டி நிலைக்காது. ஆகவே இந்தப் பொய் ஒன்றைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தார்.

இவர்கள் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நகரின் மண்டபத்தில் கூடுகின்றனர். நீண்ட மேசைகளில் தத்தம் பெட்டிகளை வைத்து, பக்கத்திலே ஒரு சிறு அட்டையில் எந்தக் கம்பனி, எந்த இலக்கம், எந்த ஆண்டு, எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது என்று எழுதிவைக்கின்றனர். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. அடிப்பாக வேலையைக் காண்பதற்காகச் சிலர் பெட்டியின் கீழே முகம்பார்க்கும் கண்ணாடியை வைப்பார்களாம். பார்க்க வருவோர் கைவிளக்கோடு குனிந்து, ஏணிப்படிகளை எண்ணிப் பார்ப்பார்களாம். ஒரு படி கூடியிருந்தால் வாதம் தொடங்கிவிடும்.

விடைபெறும் வேளையில், உங்கள் ஊர்ச் சரக்குப்பெட்டிகள் எப்படியிருக்கும் என்று கேட்டார். எங்கள் பாதை உங்களுடையதிலும் அகலமானது, ஐந்தரை அடி என்றேன். உடனே தாளில் கணக்கிட்டார். அவருடைய பாதையின் அகலம் பதினாறரை மில்லிமீற்றர், எங்களுடையது பத்தொன்பதேகால். மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவான வித்தியாசந்தான். ஆனால் எங்கள் பெட்டி அவருடைய பாதையில் நிற்காது. பாதையையும் புதிதாகவே இட வேண்டும்.

சுன்னாகம் நிலையத்தில் நின்று சிறுவனாக நான் பார்த்த சீமெந்து வண்டியை அவருக்கு விவரித்தேன். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. அங்கிருந்து தெற்கே செல்லும் பெட்டிகளின் கூரையில் சாம்பல்நிறத் தூள் படிந்திருக்கும்; மழை பெய்தால் அது கோடு கோடாக வழிந்து இறுகிவிடும். அவர் எழுதிக்கொண்டார். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை அறியாத தமிழர் எம்மிடையே இல்லை. அதே பாதையில் சுமை இழுத்த சீமெந்துப் பெட்டிகளை எவர் நினைக்கிறார்? 1990 ஜூனில் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் புதுப்பாதை வந்துவிட்டது. பழைய பெட்டிகள் திரும்பி வரவில்லை.

சென்ற மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பத்தொன்பதேகால் மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு முழத் துண்டுப் பாதை இட்டுவிட்டாராம். கேட்டிருப்பவை மூன்று: பெட்டியின் நீளம், கதவின் அகலம், திகதி தெரிந்த ஒரு படம். சரக்குப்பெட்டியைப் படம் பிடிப்பதற்கென்று எங்கள் ஊரில் எவரும் கமெராவை எடுத்துச் சென்றதில்லை. ஆனால் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் பிள்ளையை வழியனுப்ப நிலையத்துக்குப் போன குடும்பங்கள் படம் எடுத்திருக்கின்றன. அந்தப் படங்களில், மாமாவின் தோளுக்குப் பின்னால், பக்கத்துப் பாதையில் அரைப்பெட்டி ஒன்று நிற்கக்கூடும். வடபகுதிப் பாதையில் காட் ஆகவோ ஸ்ரேசன் மாஸ்ரராகவோ பணிபுரிந்தோரின் பிள்ளைகள் இன்று பல நாடுகளிலும் இருக்கின்றனர். பழைய அல்பங்களை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அப்படியொரு படம் அகப்பட்டால் எனக்கு அறியத் தாருங்கள். பின்புறத்தில் பேனையால் திகதி எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.