ஒரே வேலிக்குள் ஓணானும் அரணையும்

பகலில் வேலியுச்சியில் ஓணான். கிணற்றடி ஈரத்தில் அரணை. விளக்கேற்றியபின் தறிவீட்டுச் சுவரில் பல்லி. ஆரணியில் இளமைமுதல் நாங்கள் கண்டுவரும் குடித்தனம் இது. இம்மூன்றையும் கொல்லையில் கம்பிவலைக்குள் சேர்த்து வளர்க்கத் தெருச்சிறுவர்கள் விரும்பினர். நாங்கள் இணங்கவில்லை.

வீட்டில் நிலவும் அமைதி நட்பினால் விளைந்ததன்று. விலகிச்செல்ல இடமிருப்பதால் விளைந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் தலை சிவக்க, தன் எல்லைக்குள் நுழையும் மற்றோர் ஆணை விரட்டும். தோற்றது வேலியைத் தாண்டிவிடும். வலைக்குள் எங்கே தாண்டும்? பெரியது சிறியதை விழுங்கவும் தயங்காது. வெயில் விழும் ஒரே கல்லை வலியது பிடித்துக்கொண்டால், மற்றது இரை செரிக்காமல் காயமின்றியே மெலியும். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் மாமல்லபுரத்தருகே தொடங்கிய முதலைப் பண்ணையிலும் கொமோடோ உடும்புக்குத் தனியிடமே அமைத்தனர். உடும்பையும் பச்சோந்தியையும் வீட்டில் வளர்ப்பதையோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமே தடுக்கிறது.

சிறுவர்களைக் கிணற்றடியில் உடைந்த ஓடுகளையும் சருகையும் குவிக்கச் சொன்னோம். நச்சென்றஞ்சி அரணையை அடிக்கும் பெரியவர்களிடம், அது நச்சற்றதென இப்போது அச்சிறுவர்களே வாதிடுகின்றனர். ஓட்டுக்குவியலுக்கு அரணைகள் தாமே வந்து சேர்ந்தன.