பத்தொன்பது பேர்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பல வருஷம் கணக்கு எழுதினேன். இப்போது ஹெச்.ஆர். என்கிறார்களே, அங்கே அது என் மேஜையின் இரண்டாவது டிராயர்தான். வருகைப் பதிவேடு, வவுச்சர் கட்டு, ஒரு அட்வான்ஸ் நோட்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் தீபாவளிக்கு முன்பும் அந்த நோட்டுக்குத்தான் வேலை அதிகம்.

முதலாளி கெட்டவர் இல்லை. தொழிலாளி வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ராத்திரியில்கூட பணத்தோடு போய் நிற்பார். ஆனால் பதிவேட்டில் 19 பெயருக்கு மேல் ஏறக்கூடாது. 20 ஆனால் பி.எஃப். கட்டவேண்டும். பட்டறையில் இருந்ததோ 26 பேர். மீதி 7 பேருக்கு 'வெளி வேலைக் கூலி' என்று வவுச்சர். முதலாளி சொன்னார், சரிதான், எழுதியது நான்.

அந்த ஏழு பேரில் ஒருவரின் அப்பா ரோடியர் மில்காரர். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் போராட்டத்தில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்ததையும், மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் வீட்டில் கேட்டே வளர்ந்தவர். மில்லில் சங்கம் இருந்தது. எங்கள் பட்டறையில் ஏது சங்கம்?

2009-இல் பார்வை குறைந்து வேலையை விட்டார். "சார், 24 வருஷம் இங்க வேலை செஞ்சேன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க" என்றார்.

பி.எஃப். போகட்டும். கிராஜுவிட்டிக்கு 10 பேர் வேலை செய்தாலே போதும், 5 வருஷ சர்வீஸ் போதும். பதிவேட்டில் எழுதாமல் விட்டதால் அந்த உரிமை போய்விடாது. கடைசிச் சம்பளம் 5,200. அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 200. வருஷத்துக்கு 15 நாள், 3,000. ஆக 72,000. மனக்கணக்காகவே போட்டுவிட்டேன். அத்தாட்சியும் டிராயரிலேயே இருந்தது: அட்வான்ஸ் நோட்டில் வருஷா வருஷம் அவர் கையெழுத்து.

முதலாளி 10,000 கொடுத்து அனுப்பச் சொன்னார். கவரில் போட்டுக் கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் கும்பிட்டார். அவர் கேட்ட பேப்பரை நான் எழுதவில்லை. நோட்டைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது பெண் கல்யாணம் பாக்கி இருந்தது.

நான் ஓய்வு பெற்றபோது கிராஜுவிட்டி முழுசாக வந்தது. பதிவேட்டில் என் பெயர் மூன்றாவது.

போன மாதம் பெரிய மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். குரலை வைத்தே அடையாளம் கண்டு, "நல்லாருக்கீங்களா சார்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நேரு வீதிப் பக்கம் டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், விடவில்லை.