புகார் யார் கைக்குப் போகும்?

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லி முடித்துவிடுவேன். வெள்ளக்கடையில் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று பேச்சு மாறிவிடும். உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சட்டப்படி ஒரு நிறுவனம் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். பி.எஃப். கட்ட ஒரு தேதி, இ.எஸ்.ஐ.க்கு ஒரு தேதி, உரிமம் புதுப்பிக்க ஒரு தேதி, ஆண்டறிக்கை அனுப்ப ஒரு தேதி. இவற்றைக் கவனித்துக்கொள்வதற்கென்றே மென்பொருள்கள் விற்கின்றன. நான் அவற்றை எழுதுகிறவள் இல்லை. எழுதி விற்கப்பட்டதை, வாங்கியவர்களுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பவள். ‘இது நடந்தால் இன்னாருக்கு மெயில் போகட்டும். இத்தனை நாளில் பதில் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவருக்குப் போகட்டும். அப்போதும் வராவிட்டால் மூடிவிடு.’ கட்டங்கள், அம்புக்குறிகள், நாள் கணக்கு. எங்கள் மொழியில் இதற்கு வொர்க்ஃப்ளோ என்று பெயர். சேலத்தில் அலுவலகம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்ப்பேன், சிக்னல் மனது வைத்தால்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்தது ஒரு தோட்ட நிறுவனம். காப்பி, மிளகு, காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தும் ஓர் ஆலை, நகரத்தில் தலைமை அலுவலகம். அவர்கள் கேட்டது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான வொர்க்ஃப்ளோ. நல்லெண்ணத்தால் மட்டும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2025 ஜூலை 14 முதல், கம்பெனிகளின் இயக்குநர் குழு அறிக்கையில் மூன்று எண்களைக் குறிப்பிட வேண்டும்: அந்த ஆண்டில் வந்த பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை, முடித்தவை எத்தனை, 90 நாளைத் தாண்டியும் முடியாமல் நிற்பவை எத்தனை. அதற்கு முன்பு ‘சட்டப்படி குழு அமைத்திருக்கிறோம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எண் கேட்டதும் மென்பொருள் தேவைப்பட்டது.

மென்பொருளோடு ஒரு தயார் வார்ப்பும் வரும். எதையும் மாற்றாமல் ‘சேமி’ என்று அழுத்தினால் அப்படியே ஓடத் தொடங்கிவிடும். டீஃபால்ட் என்போம். அதைத் திறந்து முதல் கட்டத்தைப் பார்த்தேன். புகார் பதிவானதும் முதல் அறிவிப்பு யாருக்கு? புகார் கொடுப்பவரின் மேலாளருக்கு.

விடுப்பு விண்ணப்பத்துக்கு இது பொருந்தும். பயணச் செலவுக்கும் பொருந்தும். அந்த வார்ப்பைச் செய்தவர்கள் இதையும் அப்படி ஒரு விண்ணப்பமாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த வொர்க்ஃப்ளோ புதிதல்ல. என் அம்மா முப்பது வருடம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காலையில் ரைட்டர் செக்ரோலில் பெயர் எழுதினால்தான் அன்றைக்கு வேலை. கவாத்து, களை, உரம். பழம் சிவந்துவிட்டால் பறிப்பு. மாலையில் பறித்த பழத்தைக் கோணியில் கட்டித் தலையில் தூக்கி வந்து எடை போட வேண்டும். எடையை எழுதுவதும் அதே ரைட்டர்தான். நான் எட்டாவது படிக்கும்போது, அம்மாவோடு வேலை செய்த ஓர் அக்கா, எடை போடும் இடத்தில் ரைட்டரின் கை எங்கெல்லாம் போகிறது என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி அதை ரைட்டரிடமே போய்ச் சொன்னார். அடுத்த வாரம் செக்ரோலில் அக்காவின் பெயர் இல்லை. யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பெயரை எழுதவில்லை, அவ்வளவுதான். விசாகா தீர்ப்பு வந்து அப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விசாகா தீர்ப்பின் வேரே ஒரு கிராமத்துப் பெண்ணின் வேலையில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசின் திட்டத்தில் களப்பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். விசாரணை நீதிமன்றம் 1995இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று வந்த தீர்ப்பு, வேலையிடத்தில் பெண்ணின் பாதுகாப்புக்கு வேலை கொடுப்பவரே பொறுப்பு என்றது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு 2013 வரை ஆனது. வயலிலும் வெயிலிலும் வேலை பார்த்த பெண்ணிடமிருந்து பிறந்த சட்டம் இன்று ஏ.சி. அறை சமாச்சாரமாகத் தெரிகிறது. பயிற்சி வீடியோக்களைப் பாருங்கள், எல்லாவற்றிலும் கண்ணாடிச் சுவரும் காப்பி மெஷினும்தான். அந்தக் காப்பியைப் பறித்தவள் வீடியோவில் வர மாட்டாள்.

சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ‘பணியாளர் எண்’ கட்டாயம் என்றிருந்தது. பறிப்புக் காலத்தில் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் பெண்களுக்கு எண் ஏது? சட்டமோ தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் எல்லோரையும் பணியாளர் என்றே சொல்கிறது. முதலாளிக்கே தெரியாமல் ஒப்பந்தக்காரர் கூட்டி வந்தவரும் அதில் அடக்கம். கட்டாயம் என்ற குறியை எடுத்தேன். ‘மின்னஞ்சல் முகவரி’ கட்டாயம். அதையும் எடுத்தேன்.

குழு என்ற பெட்டியில் ஒரே ஒரு பெயர் இருந்தது, தலைமை அலுவலகக் குழு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். அலுவலகங்கள் பல ஊர்களில் இருந்தால் ஒவ்வொன்றிலும் வேண்டும். மூத்த பெண் பணியாளர் ஒருவர் தலைவர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மலைத் தோட்டத்துப் பெண்ணின் புகாரைக் கேட்க நகரத்தில் ஒரு குழு என்றால், அவள் ஒரு நாள் கூலியை விட்டு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ் மாறிப் போக வேண்டும். ஊரில் எல்லோரும் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். தோட்டத்துக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று எனப் பெட்டியைப் பிரித்தேன். பெட்டியை நான் பிரித்துவிடலாம், குழுவை அவர்கள்தானே அமைக்க வேண்டும்? காலியாக இருக்கும் பெட்டிக்குச் சிவப்பு நிறம் காட்டும்படி வைத்தேன்.

அம்மாவிடம் ஒரு நாள் இரவு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார்.

“இதுல கைநாட்டு வெக்க எடம் எங்க இருக்குது கண்ணு?”

இல்லை. ‘எலெக்ட்ரானிக் கையொப்பம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. எழுத முடியாதவருக்குப் புகாரை எழுத்தில் கொடுக்க உதவ வேண்டியது குழுத் தலைவர் அல்லது உறுப்பினரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. அப்படி எழுதித்தர மென்பொருளில் வழி கிடையாது, புகார் கொடுப்பவரே உள்ளே நுழைந்து தட்டச்சு செய்ய வேண்டும். தமிழில் ஒரு தாள் படிவம் செய்தேன். அதைப் படம் பிடித்துக் குழு உறுப்பினர் ஏற்றலாம், கைரேகை போதும், எழுதியவர் பெயர் தனியாக, வாசித்துக் காட்டினார்களா என்பதற்கு ஒரு கட்டம்.

அம்மா கேட்ட அடுத்த கேள்வியை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. “போனுக்கு மெசேசு வருமா? போனு அவ புருசங்கிட்டல்ல இருக்கும்.”

‘உங்கள் பாலியல் துன்புறுத்தல் புகார் எண் இன்னது பதிவாகியுள்ளது’ என்று உடனடியாக ஒரு எஸ்.எம்.எஸ். போகும்படி வார்ப்பில் இருந்தது. வாடிக்கையாளர் சேவை என்பதில் பெருமைப்படும் ஓர் அம்சம். வீட்டில் ஒரே போன், அது கணவனிடமோ மகனிடமோ. அந்த மெசேஜ் அவளுக்கு முன்பு அவனை எட்டும். சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர் பெயரையோ புகாரின் விவரத்தையோ வெளியே விடக் கூடாது என்கிறது. தானியங்கி எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் நிறுத்தினேன். பதிலாகப் படிவத்தில் ஒரு கேள்வி: ‘உங்களை எப்படிக் கூப்பிடலாம், எந்த நேரத்தில், யாரிடம் சொல்லி அனுப்பலாம்?’

இதுவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சண்டை வந்தது ‘தானாக மூடு’ என்ற அமைப்பில்.

புகார் கொடுத்தவர் 15 நாள் பதில் தராவிட்டால் புகார் தானாக மூடப்படும். வார்ப்பில் அப்படி இருந்தது, அவர்களும் அதை விரும்பினார்கள். ஆன்லைன் கூட்டத்தில் மனிதவள அலுவலர், அவரும் ஒரு பெண், நல்லவர், சொன்னார்: “மேடம், 90 நாளுக்கு மேல ஒண்ணு ஓப்பனா நின்னா ரிப்போர்ட்ல போட்டாகணும். அவங்க வரலன்னா நாங்க என்ன பண்றது?”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. எண்ணை வெளியே சொல் என்று வந்த விதி, எண்ணைக் குறைத்துக் காட்டும் ஆசையையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அந்த 15 நாளை யோசித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவளை மேஸ்திரி வேறு மலைச்சரிவுக்கு அனுப்பியிருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். மிரட்டியிருக்கலாம். பறிப்பு முடிந்து ஒப்பந்தக்காரர் கூட்டத்தோடு ஊருக்குப் போயிருக்கலாம். அவள் மௌனத்துக்கு எத்தனையோ காரணம், மென்பொருளுக்கு ஒரே அர்த்தம்தான், ‘தீர்ந்தது’. செக்ரோலில் பெயர் எழுதாமல் விட்ட ரைட்டரும் இதையேதான் செய்தார். அவராவது நேரில் இருந்தார், முகத்தைப் பார்த்து ஏசலாம்.

கோபத்தில் பேசினால் கூட்டத்தில் எடுபடாது என்பதால் விதியைத் திரையில் போட்டேன். 2013 விதிகளில் ஏழாவது. புகார் கொடுத்தவரோ எதிர்த்தரப்போ தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்று விசாரணைக்கு வராவிட்டால் குழு விசாரணையை முடிக்கலாம். அதற்கும் 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவெடுப்பது குழு, அதிலும் தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் அமர்ந்து விசாரிக்க வேண்டும். கடிகாரம் முடிவெடுக்க இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. “இப்படியே விட்டால் ஒரு நாள் கோர்ட்டில் உங்கள் சிஸ்டமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி சொல்லும். யாரும் முடிவெடுக்கவில்லை, தானாக மூடிக்கொண்டது என்று லாகில் நேரத்தோடு பதிவாகியிருக்கும்” என்றேன். இது அவர்களின் சட்ட ஆலோசகருக்கு உறைத்தது. அமைப்பை அணைத்தோம். இப்போது மூன்று விசாரணைத் தேதி, அனுப்பிய கடிதத்தின் நகல், மூன்று உறுப்பினர்களின் ஒப்புதல் எல்லாம் இருந்தால்தான் ‘மூடு’ பொத்தானே தெரியும். புகார்தாரருக்கு மட்டுமல்ல, இழுத்தடிக்கும் எதிர்த்தரப்புக்கும் நாள் கணக்கு ஓடும்: புகார் நகல் அவருக்குப் போக 7 வேலைநாள், அவர் பதிலுக்கு 10 வேலைநாள்.

முதலாளி மீதே புகார் என்றால்? வார்ப்பில் இந்த வழி கிடையாது. அது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடத்துப் பெண்களுக்கும், ஏற்காட்டுப் பக்கத்தில் சின்னத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் பலருக்கும், அதுதான் வழி. பழங்குடிப் பகுதிகள் உட்பட ஒவ்வொரு வட்டத்திலும் புகாரை வாங்கி 7 நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் வந்து பதினோரு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட அலுவலரை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ‘புகார் யார் மீது’ என்ற கேள்விக்கு ‘உரிமையாளர்’ என்று தேர்ந்தெடுத்தால் அதற்குமேல் எந்தத் தகவலும் நிறுவனத்துக்குள் போகாமல், உள்ளூர்க் குழுவைப் பற்றிய விவரம் மட்டும் திரையில் வரும்படி வைத்தேன். அதைச் சேமிக்கும்போது எங்கள் அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான், “அக்கா, பணம் குடுக்குறதே அவருதானே?”

எல்லாம் என் இஷ்டப்படி நடந்துவிடவில்லை. சூப்பர் அட்மின் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு எல்லாப் புகாரும் தெரியும். அதை மூடும் வசதி அவர்கள் வாங்கிய விலையில் கிடையாது. அந்தக் கணக்கை யார் எப்போது திறந்தாலும் குழுத் தலைவருக்குத் தகவல் போகும்படி மட்டுமே செய்ய முடிந்தது. முகப்புத் திரையில் ‘புகார்கள்: 0’ என்றால் பச்சை விளக்கு எரியும். அதை எடுக்கச் சொன்னேன். “ஜீரோன்னா நல்லதுதானே மேடம்?” என்றார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பல வருடமாக ஜீரோ என்றால் எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. பச்சை இன்னும் இருக்கிறது.

மென்பொருளால் ஆவது கொஞ்சம்தான், இதையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் 2022இல், பெரும்பாலும் தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தொழிற்சங்கம் ஆடை நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டோடும் ஒப்பந்தம் போட்டது. அங்கே தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருந்து, நடப்பதைச் சொல்லும் முறை வந்தது. அவர்களுக்குப் பின்னால் சங்கம் இருந்தது. எங்கள் மலையில் பறிக்கும் பெண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு டிராப்-டவுனில் பதில் வைக்க முடியாது.

போன மாதம் தாள் படிவங்கள் அச்சாகி வந்தன. புகார்ப் பெட்டியைத் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் மாட்டப்போவதாக மெயில் வந்தது. ரைட்டர் மேசைக்கு நேர் எதிரே. பிள்ளைக் காப்பகத்துச் சுவரில் மாட்டுங்கள், அங்கே ஒரு பெண் எத்தனை முறை போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று பதில் எழுதினேன். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது நினைவூட்டலை நாளைக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.