தானே நகரும் ஃபேடர்

பட்டினப்பாக்கத்தில் மிக்சர் ரிப்பேர் செய்கிற ஒருவர், வீட்டிலேயே கானா பாட்டும் பதிவு செய்கிறார் என்று நண்பர் சொன்னார். டிஜிட்டல் மிக்சர் வாங்குவதா, கன்ட்ரோல் சர்ஃபேஸ் வாங்குவதா என்று கேட்டுக் குழம்பும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பிற்பகல் கிளம்பிவிட்டேன். சீனிவாசபுரத்தில் வலை காயப்போட்டிருந்த சந்தைத் தாண்டினால் அவர் வீடு. முன்னறையில் பாய், பழைய போர்வைகள் தொங்கும் சுவர், மேசையில் பிரித்துப் போட்ட யமஹா 01வி96 டிஜிட்டல் மிக்சர்.

அந்த மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்க 17 ஃபேடர்கள். ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் ஓடும். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி மோட்டார். பாட்டை ஓட்டும்போது எந்த இடத்தில் குரலை ஏற்றினோம், எங்கே டோலக்கை இறக்கினோம் என்பதைப் பதிந்து வைத்தால், மறுமுறை ஓட்டும்போது ஃபேடர்கள் தாமாகவே அதேபோல ஏறி இறங்கும். அன்று அதில் ஒன்று நிற்க மாட்டாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கடக்காத்து சார். உப்பு உள்ள பூந்துடும். எங்க நிக்கிறோம்னு அதுக்கே தெரியாது, மோட்டார் தேடிக்கினே இருக்கும்" என்றார்.

ஸ்க்ரூ நான்கைக் கழற்றி அந்த ஃபேடரை மட்டும் தனியே எடுத்தார். கறுப்பாக ஒரு தடம், அதன்மேல் உரசிப்போகும் மெல்லிய உலோக விரல்கள். கிளீனர் நனைத்த பஞ்சால் துடைத்தார். பஞ்சு சாம்பல் நிறமானது. ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, விரல் நுனியால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே நடக்கும் கணக்குகளையும் விளக்கினார். பாதி எனக்கு எட்டவில்லை, விட்டுவிட்டேன்.

ஆனால் அடிப்படையை அழகாகப் புரியவைத்தார். பக்கத்திலிருந்த சின்ன கன்ட்ரோல் சர்ஃபேஸைத் தட்டி, "இது வாயில்லாப் பூச்சி. சத்தம் இதுக்குள்ள போவவே போவாது" என்றார். உண்மைதான். அது கம்ப்யூட்டரில் இருக்கும் மிக்சருக்கு 'இதை ஏற்று, அதை இறக்கு' என்று கட்டளை மட்டும் அனுப்பும். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுக்கிற வேலையைப் பத்து விரலுக்கும் பிரித்துக் கொடுக்கும். டிஜிட்டல் மிக்சர் அப்படியல்ல. மைக் நேராக அதில் செருகப்படுகிறது; குரலைப் பெருக்கி, எண்களாக மாற்றி, கலந்து, அதுவே வெளியே விடுகிறது. பாடுகிறவருக்குத் தன் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் உடனே காதில் விழும். கம்ப்யூட்டர் வழியாக என்றால், விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில், 256 சாம்பிளைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபருக்கு ஒரு வழிக்கே 5 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம். போகவர இரட்டிப்பு. தாளத்தில் ஊறிய கானாக்காரருக்கு அது உறுத்தும்.

அப்படியானால் எல்லாரும் மிக்சர் வாங்க வேண்டுமா? வேண்டாம் என்கிறார், மிக்சரால் சோறு தின்கிற இந்த மனிதர். ஒரு குரல், ஒரு டோலக் என்றால் இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸே போதும். தாமதமில்லாமல் குரலைக் கேட்கும் வசதி அவற்றில் பலவற்றில் உண்டு. ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்து, ஒவ்வொருவரையும் தனித்தனிச் சேனலில் எடுக்கும்போதுதான் டிஜிட்டல் மிக்சருக்கு வேலை. கன்ட்ரோல் சர்ஃபேஸ், தினமும் மிக்ஸ் செய்து கை வலிக்கும் நாளில் வாங்க வேண்டியது.

அவர் இளவயதில் வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் கேபிள் சுருட்டும் பையனாகச் சேர்ந்தவர். டேப் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது ஆட்குறைப்பில் வெளியே வந்தார். எறியப்பட்ட மிக்சர்களைத் திறந்து பார்த்தே தொழில் கற்றார்.

பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். "ணா, பெரிய மிக்சர் இருந்தாத்தான் பாட்ட எடுத்துப்பேன்றாங்கணா. தவணைல வாங்கிடவா?" என்றான். அவனை அனுப்பியவர் ஓர் இடைத்தரகர். அவரே மிக்சரும் வாங்கித்தருவார். பாட்டையும் ஒரே தொகைக்கு முழு உரிமையோடு எழுதி வாங்கிக்கொள்வார். பையனுக்கு மிஞ்சுவது தவணை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. குப்பத்துப் பிள்ளையின் குரலில் சம்பாதிக்கிறவர்கள், அவன் ஆசையிலும் கமிஷன் பார்க்கிறார்கள்.

பாட்டெழுதி மெட்டுப்போடும் தம்பிகளே, 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியரின், இசையமைப்பாளரின் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாதது என்று சொல்கிறது. முழுவதையும் எழுதிக் கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பங்கு உங்களுடையது. அதை வசூலிக்க ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. மிக்சருக்குத் தவணை கட்டும் முன் அதில் உறுப்பினராகுங்கள்.