குலுங்காத நடை

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கூடும் புஷ்கர் சந்தையில், மார்வாரிக் குதிரை வாங்க வருபவர்களின் கண் முதலில் காதுகளுக்குத்தான் போகிறது. உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடும் காதுகள். பிறகு உயரம், நிறம். விற்க வந்த முதியவரோ நடையைக் காட்டத் துடிக்கிறார். ‘ரேவால்’ என்பது அதன் பெயர். நான்கு குளம்புகளும் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுவதால் சேணத்தில் இருப்பவர் குலுங்குவதில்லை. நாளெல்லாம் பாலைவனத்தில் பயணம் செய்தவர்களுக்கு அது வரம். எல்லா மார்வாரிக்கும் இது வாய்ப்பதில்லை.

குழந்தையை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறார். வந்தவருக்குத் தேவை, கல்யாண ஊர்வலத்தில் ஆடும் குதிரை. (பேண்டு வாத்தியத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே, முதன்முதலாகக் குதிரையேறும் மாப்பிள்ளைக்கு சாதுவான குதிரையல்லவா வேண்டும்!) அவர் நகர்ந்துவிடுகிறார். முதியவர் விலையைக் கொஞ்சம் குறைத்து, அடுத்தவருக்காக மறுபடி நடத்திக் காட்டுகிறார்.