வாங்குவதும் வழங்குவதும்

இலங்கையில் வானொலி ஒலிக்கத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பரில். அன்று தொட்டு நம் மக்கள் வானொலி கேட்டு வருகிறார்கள். செய்தி கேட்டார்கள், நாடகம் கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள், மரண அறிவித்தலும் கேட்டார்கள். கேட்டார்களேயன்றிப் பேசினார்களில்லை. பேசுவோர் சிலர், கேட்போர் பலர் என்பது வானொலியின் இயற்கை என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகின்றனர்.

மின்காந்த அலைக்கு அப்படியொரு நியதி கிடையாது. அலையை வாங்கும் கம்பியே அலையை வழங்கவும் வல்லது. ஊரில் 'ஏரியல்' என்று சொல்லப்படும் அக்கம்பிக்குத் தமிழில் வழங்கும் பெயரைப் பாருங்கள்: அலைவாங்கி! வாங்குவது ஒன்றே அதன் தொழில் என நம்பிய சமுதாயத்தின் சொல் அது. தமிழைப் படித்து, தமிழைப் படிப்பித்துச் சீவிக்கும் எமக்கு இச்சொல் நெடுநாளாய் உறுத்தலாகவே இருந்து வருகிறது.

ஜேர்மனிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிறெக்ற் 1932இல் இதே உறுத்தலை வேறொரு தளத்தில் எழுப்பினார். வானொலி விநியோகக் கருவியாக நின்றுவிடலாகாது, கேட்பவனையும் பேச வைக்கும் தொடர்புக் கருவியாதல் வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டிலே இருவழி வானொலி காரில் ஏறியது. ஆனால் அது யாருடைய கார்? அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துப் பேயோன் நகரப் பொலிசாரின் கார். 1928இல் டெற்றொயிற் நகரப் பொலிஸ் கார்களில் பொருத்தப்பட்ட கருவிகள் கட்டளையைக் கேட்க மட்டுமே வல்லன. 1933இல் பேயோனில் காவலர் காரிலிருந்தவாறே மறுமொழியும் கூறினர். பேசும் உரிமை முதலில் ஆணையிடும் வர்க்கத்தின் கைக்கே போய்ச் சேர்ந்தது. இதில் வியப்பு யாதுமில்லை.

வடபுலத்தார்க்கு இவ்வுண்மை ஏட்டில் படித்தறிந்ததன்று. எமது பிள்ளைப் பருவமான 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறியும் பெற்றோலும் தடை செய்யப்பட்டிருந்தன. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி பேசும். சுற்றிவர அயலார் குந்தியிருந்து செய்தி கேட்பர். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். கேட்பதற்கே இத்தனை பாடு! பேசும் கருவியோ ஆயுதம் தாங்கியோரின் இடுப்பில் மட்டுமே தொங்கியது. 'வோக்கி' என்ற சொல்லைக் கேட்டாலே குடிமக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம் அது.

இத்தகைய மண்ணிலே, எம்மிடம் படித்த இளைஞன் ஒருவன் தன் மாமனாரின் மொறிஸ் மைனர் காரில் இருவழி வானொலி பொருத்தினான். அமெச்சூர் வானொலிக்கான பரீட்சையில் தேறி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் 4எஸ்7 எனத் தொடங்கும் அழைப்புக் குறியும் பெற்றவன் அவன். அனுமதியின்றி இத்தகைய கருவியை இயக்குதல் சட்டப்படி குற்றம். மாமனார் வடமராட்சி கிழக்கின் கரையோரத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர். பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் நள்ளிரவில் அவர் வாசலில்தான் ஊர் வந்து நிற்கும்.

அவர் முதலில் இசையவில்லை. "தம்பி, உந்தக் கம்பியைக் கண்டாலே மறிப்பாங்கள். ஆரோடை கதைக்கிறாய் எண்டு கேப்பாங்கள். நான் என்ன சொல்லுறது?" என்றார். அது அறியாமையின் அச்சமன்று, அனுபவத்தின் அச்சம். இளைஞன் வாதாடவில்லை. "மாமா, இது உங்கடை பேருக்கில்லை, என்ரை பேருக்கு எடுத்த லைசென்ஸ். நான் காரிலை இருந்தால்தான் கதைப்பன். ஆரும் கேட்டால் இதைக் காட்டுவன்" என்று அனுமதிப்பத்திரத்தின் பிரதியை அவர் கையிற் கொடுத்தான். அவர் அதை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கூரையிலை மட்டும் ஓட்டை போடாதை" என்றார்.

வேலை இலேசானதன்று. அப்பழைய ஆங்கிலக் கார்களில் பற்றறியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கருவிகளுக்கோ மறைமுனை உடலோடு சேரல் வேண்டும். இதனை அறியாது பொருத்தினால், அலைவாங்கிக்குச் செல்லும் வடத்தின் வெளியுறை வழியே குறுஞ்சுற்று ஏற்பட்டுக் கருவி கருகும். எனவே பற்றறியின் முனைகளை மாற்றி, எரிபற்றற் சுருளின் கம்பிகளை இடம் மாற்றி, டைனமோவின் காந்தப்புலம் திசை மாறும்படி அதன் புல முனையில் பற்றறியின் மின்னை ஒரு கணம் தொட்டெடுத்தான். பின்னர் பற்றறியிலிருந்தே நேராக இரு தடித்த கம்பிகளை இழுத்து, பற்றறிக்கு அண்மையில் இரண்டிலும் உருகிகளை வைத்தான். 50 உவாற்று வலுவில் பேசும்போது அக்கருவி பத்து அம்பியருக்கு மேல் மின்னோட்டம் உறிஞ்சும். டைனமோ முழுவேகத்தில் தருவதோ ஏறத்தாழ இருபது அம்பியர். ஆகவே சுருக்கமாகப் பேசுதல் இங்கு பண்பு மட்டுமன்று, பற்றறியின் ஆயுளும் ஆகும்.

அலைவாங்கியை அளந்ததே எமக்கு மிகவும் பிடித்த கட்டம். ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் வரும் என்பது பௌதிகவியல் மாணவர் யாவரும் மனனம் செய்த சூத்திரம். 145 மெகாஹேட்சுக்கு அது இரண்டு மீற்றர் ஏழு சதமமீற்றர். அதன் காற்பங்கு ஏறக்குறைய 52 சதமமீற்றர். கம்பியின் முனை விளைவால் 49 அளவிற்குக் குறையும். சற்று நீளமாக வெட்டிக்கொண்டு, திரும்பிவரும் அலையை அளக்கும் மானியைப் பார்த்துப் பார்த்து மில்லிமீற்றர் மில்லிமீற்றராகக் குறைத்தான். வெட்டியதை ஒட்ட முடியாதல்லவா! காந்த அடித்தட்டோடு கம்பியைக் கூரையின் நடுவில் நிறுத்தினான். கூரையின் தகடே அலைக்கு நிலமாக அமைந்து, நாற்றிசையும் சமமாய்ப் பரப்பும் என்பதால் அவ்விடமே சிறந்தது.

"சேர், இந்தக் கணக்கை ரியூசனிலை நூறு தரம் செய்திருப்பன். இண்டைக்குத்தான் அது என்னத்துக்கெண்டு தெரியுது" என்றான். பல்கலைக்கழக வாயிலுக்கான சாவியாக மட்டுமே விஞ்ஞானத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். வாயில் திறவாத பலருக்கு அச்சாவி வெறும் இரும்பாகிவிடுகிறது. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க நம் முன்னோர் போராடியது பரீட்சைத் தாளுக்காக மட்டுமா? ஊருக்கு உதவும் கைகளுக்காகவும் அன்றோ?

அவ்வுதவி எத்தகையது என்பதற்கு 2004 டிசம்பர் 26 சான்று. கடற்கோள் இத்தீவில் முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. வடமராட்சி கிழக்கும் அதற்குப் பலி கொடுத்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அமெச்சூர் வானொலியாளர் சிற்றலைக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தி கடத்தினர். கைத்தொலைபேசிக்கு இடையில் ஒரு கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். இருவழி வானொலிக்கோ எதிர்முனையில் இன்னொரு மனிதன் விழித்திருந்தால் போதும்.

அப்பழைய காரிலிருந்து முதல் அழைப்பு எழுந்தபோது நாமும் பின்னிருக்கையில் இருந்தோம். எஞ்சினின் தீப்பொறி இரைச்சலுக்கு ஊடே, இருபது கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒருவர் மறுமொழி கூறினார். மாமனார் சுக்கானைப் பிடித்தவாறே, "நாங்கள் கதைச்சது அவருக்குக் கேட்டிட்டுதோ?" என்று வினவினார். கேட்டதென்று அறிந்ததும் மெல்லச் சிரித்தார்.

ஒரு காரால் ஒரு கரை காப்பாற்றப்பட்டுவிடாது. கரையோரக் கிராமந்தோறும், மண்சரிவு அஞ்சும் மலைத்தோட்டந்தோறும் அனுமதி பெற்ற இளைஞர் சிலரேனும் இருத்தல் வேண்டும். பாடசாலைகளின் விஞ்ஞானக் கழகங்கள் இதனை மேற்கொள்ளலாம். மீனவர் சங்கங்கள் தோள் கொடுக்கலாம். பரீட்சைக்கான பாடங்களைத் தமிழில் எழுதித் தருவது எம்போன்ற ஆசிரியரின் கடன். மேலிருந்து வரும் எச்சரிக்கைக்குக் காத்திருப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கீழிருந்தும் குரல் எழல் வேண்டும். அதைக் கேட்கும் காதும் மேலே இருத்தல் வேண்டும். வாங்கவும் வழங்கவும் வல்ல அக்கம்பிக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயரை அதன் பிறகு மக்களே இட்டுக்கொள்வர்.