நாற்காலியை விட்டு எழுதல்

ஊருக்கு உழைக்கின்றோம் என்னும் எண்ணத்தைப் போல இனிய மயக்கம் மனிதனுக்குப் பிறிதொன்றில்லை. அம்மயக்கத்திலே நாம் பதினொரு ஆண்டுகள் கிடந்தோம். எம்மைக் கண் விழிக்கச் செய்தது ஒரு நுளம்பு.

கொக்குவிலில் எம் வீட்டிற்கு அணித்தாகச் சுகாதார உதவிச் சங்கம் ஒன்று உண்டு. அதன் பெயரை இங்குக் கூறுதல் முறையன்று. அதன் நிருவாக சபையில் நாமும் ஒருவராயிருந்தோம் என்பது போதும். மாரி தொடங்குமுன் கூலிக்கு ஆள் அமர்த்தி, ஒழுங்கைகளிற் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், உடைந்த பானை முதலியவற்றை அகற்றுவதும், வறியோரின் மருந்துச் செலவிற்கு உதவுவதும் அதன் பணிகள். சில ஆண்டுகளின் முன் ஒரு புரட்டாதியில் அப்பணி நடைபெறவில்லை. வங்கியிலே பணம் இருந்தது. காசோலையிற் கையொப்பமிட வேண்டிய தனாதிகாரியோ மகளின் பிள்ளைப்பேற்றிற்காகக் கனடா சென்றிருந்தார். அவருக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கப் பொதுச்சபை கூடவேண்டும் என்பது யாப்பு. பொதுச்சபை கூடுதற்கு அங்கத்தவரில் மூன்றிலொரு பங்கினர் வரவேண்டும் என்பதும் அதே யாப்பு. மூன்று முறை கூட்டம் அழைத்தோம். மூன்று முறையும் வெறுங் கதிரைகளையே கண்டோம்.

மார்கழியில் ஒரே ஒழுங்கையில் ஐந்து பிள்ளைகளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. அவர்களில் ஒருவன் எம் வகுப்பு மாணவன். ஒன்பது நாட்கள் வைத்தியசாலையிற் கிடந்தான். பிள்ளை பிழைத்தான், பிழை செய்தோர் நாம்.

அவன் வீடு திரும்பிய அன்றிரவு அங்கத்தவர் பதிவேட்டை எடுத்துப் படித்தோம். அதிலுள்ள பெயர்களிற் பல, நாமே செத்தவீட்டிற்குச் சென்று வந்தோரின் பெயர்கள். வேறு பல, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் பெயர்கள். இறந்தோரையும் பெயர்ந்தோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்றிலொரு பங்கினர் எங்ஙனம் வருவர்? தலைவர் பத்தொன்பது ஆண்டுகளாகத் தலைவர். அவர் எமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர். சங்கப் பணத்தில் ஒரு சதம் தொட்டறியாதவர். இடர்ப்பாடும் அதுவே. கள்வனை நீக்குதல் எளிது. நல்லவரை நீக்க நாவெழுவதில்லை.

பொதுமக்கள் ஒன்றுகூடி நோய் தீர்க்க முயல்வது எம் நாட்டிற்குப் புதிதன்று. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேரும் அத்தகையதொரு முயற்சியே. அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று ஊக்க, 1850இல் 'பிரண்ட் இன் நீட்' சங்கத்தார் அதனைத் தொடங்கினர். 1907இலேயே அரசினர் அதனைப் பொறுப்பேற்றனர். மூளாயிலே 1930களில் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையொன்றை எழுப்பினர். கூட்டுறவு இயக்கத்திற்கு இங்கு உழைத்தோருள் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்களை நாடறியும். யாழ்நகரில் அவர் பெயரால் மண்டபமே நிற்கின்றது. கடல் கடந்து நோக்கின், வேல்ஸ் நாட்டின் ட்ரெடீகர் என்னும் ஊரில் 1890இல் தோன்றிய வைத்திய உதவிச் சங்கம் சுரங்கத் தொழிலாளரின் வாரக் காசினால் வளர்ந்தது. அவ்வூரிற் பிறந்த அனூரின் பெவன், 1948இல் பிரித்தானிய மக்கள் அனைவர்க்கும் இலவச வைத்தியம் வகுத்தபோது அச்சங்கத்தையே முன்மாதிரியாகக் கொண்டார்.

இத்தகைய சங்கங்களின் உயிர் எங்குளது? இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுக் கடை திறந்த 28 தொழிலாளர் அதனை அறிந்திருந்தனர். பங்கு எத்துணையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே என அவர்கள் விதித்தனர். எமது நாட்டின் 1972ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அவ்வழியதே; நிருவாகம் சீர்கெடின் விசாரித்து அதனைக் கலைக்கும் அதிகாரத்தையும் அது பதிவாளருக்கு அளிக்கின்றது. எம் சங்கம் கூட்டுறவுச் சங்கமன்று. கலைப்பார் எவருமில்லை, ஆதலின் எம்மை நாமே திருத்தல் வேண்டும்.

ஒரு விடுமுறையில் அமர்ந்து திருத்தங்களை எழுதினோம். வெளிநாட்டிலுள்ளோர்க்கு ஆதரவாளர் என வேறு ஏடு. கூட்ட நடப்பெண் இருபத்தைந்து. காசோலைக்கு மூவரில் எவரேனும் இருவரின் கையொப்பம். காய்ச்சற் பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருப்போர் பெண்களாதலின் சபையிற் குறைந்தது மூன்று பெண்கள். எவரும் ஆறாண்டுகளுக்கு மேற் பதவியிலிருத்தல் ஆகாது. இறுதி விதியின் கீழ், "ஆண்டுக் கணக்கு இன்று முதலே தொடங்கும், இப்போதைய தலைவர் நீங்கலாக" என ஒரு வரியும் சேர்த்தோம்.

எம் இல்லாள் அதனை வாசித்தார். "இஞ்சாருங்கோ, ஐயாவை இறக்கிப்போட்டு நீங்கள் இன்னும் ஆறு வருசம் இருக்கப் போறியளோ? உங்களுக்கு இப்பவே பதினொரு வருசமெல்லோ?" என்றார்.

மாணவர்க்குக் குடியியல் கற்பிக்கும் எமக்கு விடை வரவில்லை. அவ்வரியை வேண்டுமென்று எழுதினோமா, கை தானாக எழுதிற்றா என்பதை இன்றும் அறியோம்.

மறுநாள் ஆசிரியரின் வீடு சென்றோம். தாளை இருமுறை படித்தார். "எனக்காகத்தான் எழுதினனியோ?" என்று கேட்டார். "எனக்காகவுந்தான், ஐயா" என்று கூறி, அவர் முன்னிலையிலேயே அவ்வரியை வெட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை.

சந்தா செலுத்தாதோரின் பெயரை நீக்கச் சபைக்கு அதிகாரமுண்டு என்ற விதியொன்று பழைய யாப்பிலேயே உறங்கிக்கிடந்தது. அதனை எழுப்பினோம். இறந்தோர் பெயர்களையும் நீக்கிப் பதிவேட்டைச் சீர்செய்தபின் வீடுவீடாகச் சென்று எஞ்சியோரை அழைத்தோம். கதிரைகள் நிறைந்தன. ஆசிரியரும் வந்து பின்வரிசையில் அமர்ந்தார். வாக்கெடுப்பில் எப்பக்கமும் அவர் கை உயர்த்தவில்லை. திருத்தம் நிறைவேறியது. அவரும் நாமும் ஒரே நாளிற் பதவி நீங்கினோம். தெருவிற் கண்டால் அவர் தலையசைப்பார். முன்போல நின்று பேசுவதில்லை. சீர்திருத்தத்திற்கு நாம் கொடுத்த விலை அது. அதனைக் குறைத்துக் கூற மாட்டோம்.

இவ்வாண்டு புரட்டாதியிலே பணி தவறவில்லை. புதிய சபையில் அம்மாணவனின் தாயாரும் ஒருவர். "மாஸ்ரர், நீங்கள் கோயிலடி ஒழுங்கையைப் பாருங்கோ" என்று அவர் பணித்தார். நாம் சாக்கை எடுத்துக்கொண்டு சிரட்டை பொறுக்கச் சென்றோம். பதினொரு ஆண்டுகள் சபையிலிருந்தும் அன்றுதான் அவ்வொழுங்கையை முழுதும் நடந்து பார்த்தோம்.

உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு சங்கம் இருக்கும். அதன் யாப்பை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதிலே திருத்த வேண்டுவன பல தென்படும். அவற்றைத் திருத்தி எழுதியபின், தாளை வீட்டிலுள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.